கழுதைக்காரரும் கட்டுரைப் போட்டியும்



மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி வைப்பது நமக்குப் புதிய செய்தியன்று. சுதந்திர தினம் வந்தால் ஒரு போட்டி. காந்தி ஜயந்தி வந்தால் இன்னொன்று. தலைப்பைச் சொல்லிவிட்டால் போதும், முதற்பத்தியில் என்ன இருக்கும், முடிவில் எந்தப் பொன்மொழி வரும் என்பதைத் தாளைப் பிரிக்காமலே நாம் கூறிவிடலாம். பரிசு பெறும் பிள்ளைக்கு ஒரு சான்றிதழ், ஒரு புத்தகம், கூடியிருப்போர் கைதட்டுவர், அத்துடன் காரியம் முடிந்தது. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பதும் ஒரு கட்டுரைப் போட்டியே. ஆனால் அது கடல் கடந்த ஆஸ்திரேலியாவில் நடப்பது. அதன் போக்கும் வேறானது. முதல் உலக யுத்தத்தில் ஊழியம் செய்தவர்களின் நினைவாக நடைபெறும் அப்போட்டிக்கு ஸிம்ப்ஸன் பரிசு என்று பெயர்.

ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு உரியது அது. ஆஸ்திரேலிய வரலாற்று ஆசிரியர் சங்கம் அதை நடத்துகிறது. அந்நாட்டு மத்திய சர்க்கார் பொருளுதவி அளிக்கிறது. ஆண்டுதோறும் ஒரு வினாவும், அதனுடன் சில பழைய ஆவணங்களும் வெளியிடப்படுகின்றன: கடிதம், நாட்குறிப்பு, புகைப்படம், பத்திரிகைச் செய்தி போன்றவை. அவற்றையும், தாம் சொந்தமாகத் தேடிக் கண்டவற்றையும் கொண்டு, 1,500 சொற்களுக்கு மிகாமல் மாணவர் விடை எழுத வேண்டும். விரும்பினால் ஒலியும் படமும் சேர்ந்த படைப்பாகவும் அளிக்கலாம். ஆறு மாநிலங்களிலும் இரண்டு பிரதேசங்களிலும் முதலில் நின்றோர் ஆசிரியர் துணையுடன் கல்விப் பயணம் அழைத்துச் செல்லப்படுகின்றனர். பயணத்தின் வழி எல்லா ஆண்டும் ஒன்றாகவே இருந்ததில்லை. எனினும் இப்பரிசைச் சொன்னதும் மனத்தில் எழும் இடம் துருக்கியிலுள்ள காலிபோலி தீபகற்பமே.

1915-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் தேதி விடியற்காலையில் ஆஸ்திரேலிய, நியூஸிலாந்துப் படைகள் அங்கே கரையேறின. அப்படையின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து ஆன்ஸாக் என்றனர். எட்டு மாதம் போராடியும் நோக்கம் கைகூடவில்லை. டிசம்பரில் இரவோடிரவாகப் படைகள் ஆன்ஸாக் கரையை விட்டு விலகின. ஐம்பது லட்சம் மக்கள்கூட இல்லாத ஆஸ்திரேலியா அங்கே எண்ணாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தது. சொந்த மண்ணைக் காத்து நின்ற துருக்கியர் தரப்பிலோ மாண்டவர் எண்பதாயிரத்துக்கும் மேல். வெற்றி பெறாத போரின் தொடக்க நாளை ஒரு தேசம் தன் தலையாய நினைவு நாளாகக் கொண்டிருக்கிறது. அது ஏன் என்பதே அந்நாட்டு மாணவர்களுக்கு ஒரு நல்ல கேள்விதான்.

ஸிம்ப்ஸன் யார்? ஜான் ஸிம்ப்ஸன் கிர்க்பாட்ரிக் என்பது முழுப்பெயர். ஆஸ்திரேலியரே அல்லர், 1892-இல் இங்கிலாந்தின் வடகரையில் ஸௌத் ஷீல்ட்ஸ் என்னும் ஊரில் பிறந்தவர். கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, ஆஸ்திரேலியத் துறைமுகம் ஒன்றில் 1910-இல் கப்பலை விட்டு ஓடியவர். கிடைத்த கூலிவேலைகளைச் செய்து தாய்க்குப் பணம் அனுப்பி வந்தவர். 1914-இல் தாயின் கன்னிக்காலக் குடும்பப் பெயரான ஸிம்ப்ஸன் என்பதைச் சொல்லிப் படையில் சேர்ந்தார். காயமுற்றோரைச் சுமக்கும் மருத்துவப் பிரிவில் அமர்த்தினார்கள். கரையேறிய மறுநாளே ஒரு கழுதையைப் பிடித்துக்கொண்டு, நடக்க முடியாதவர்களை அதன்மேல் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுவரத் தொடங்கினார். மே 19-ஆம் தேதி இயந்திரத் துப்பாக்கிக் குண்டுபட்டு இறந்தார். வயது 22. காலிபோலியில் அவர் இருந்தது இருபத்து நான்கு நாள்.

அந்த இருபத்து நான்கு நாளைப் பற்றி ஒரு நூற்றாண்டாக எழுதப்பட்டது கொஞ்சமல்ல. முந்நூறு பேரைக் காப்பாற்றினார் என்றனர். குண்டு மழைக்கு நடுவே எதிரியின் வாசல்வரை சென்று மீட்டார் என்றனர். பள்ளிப் பாடத்திலும் சிலையிலும் தபால் தலையிலும் கழுதையும் அவரும் இடம்பெற்றனர். கான்பரா நகரில் 1941-இல் திறக்கப்பட்ட யுத்த நினைவாலயத்தின் முன்னும் பீட்டர் கார்லெட் என்ற சிற்பி வடித்த அவர் சிலை நிற்கிறது.

வரலாற்றாசிரியர்கள் பின்னர் இக்கதையைச் சல்லடையில் இட்டுச் சலித்தனர். பீட்டர் காக்ரேன் 1992-இல் எழுதிய நூலில், இக்கதை எவ்வாறு உருவாயிற்று, யார் கையில் எதற்குப் பயன்பட்டது என்பதை ஆராய்ந்தார். காயமுற்றோருக்கு இரங்கிய ஒருவரின் கதை, புதிதாக இளைஞர்களைப் போருக்கு அழைக்கும் பறையாகவும் அக்காலத்தில் கொட்டப்பட்டது. கட்டாய ராணுவ சேவை வேண்டுமா என்று 1916-இலும் 1917-இலும் மக்களிடம் வாக்குக் கேட்டபோது, இருமுறையும் ஆஸ்திரேலியர் வேண்டாம் என்றே தீர்ப்பளித்தனர் என்பதையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும். அவருக்கு விக்டோரியா சிலுவை என்னும் உயர் விருதைக் காலங்கடந்தேனும் அளிக்க வேண்டும் என்ற கோரிக்கை பல காலம் இருந்தது. சர்க்கார் அமைத்த விசாரணை மன்றம் பிற வீரர்களின் கோரிக்கைகளோடு இதையும் ஆராய்ந்து, 2013-இல் இணங்க மறுத்தது. ஸிம்ப்ஸன் துணிவுள்ளவரே, ஆனால் அவருடன் காயமுற்றோரைச் சுமந்த மற்றவர்களும் அதே துணிவுடன் அதே பணியைச் செய்தனர் என்பது அம்மன்றத்தின் கருத்து. இதனால் ஸிம்ப்ஸன் சிறுத்துப் போகவில்லை. அவரைச் சுற்றி நின்றவர்கள் கண்ணுக்குத் தெரியலானார்கள். நமக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

ஓர் ஓவியத்தின் கதையையும் சொல்ல வேண்டும். ஹொரேஸ் மூர்-ஜோன்ஸ் என்ற நியூஸிலாந்து ஓவியர் ஒரு புகைப்படத்தைப் பார்த்து, கழுதையோடு காயமுற்றவரை அழைத்து வரும் மனிதரைத் தீட்டினார். ஸிம்ப்ஸன் என்று பெயரிட்டார். படம் பட்டிதொட்டியெல்லாம் பரவிற்று. உண்மையில் அப்புகைப்படத்தில் இருந்தவர் நியூஸிலாந்து மருத்துவப் படையைச் சேர்ந்த ரிச்சர்டு ஹெண்டர்ஸன் என்பவர். ஸிம்ப்ஸன் இறந்த பிறகு இவரும் கழுதையைக் கொண்டு அதே வேலையைச் செய்தவர். ஹெண்டர்ஸனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மக்கள் நீண்ட காலம் ஸிம்ப்ஸனை வணங்கி வந்தனர்.

போட்டியின் வினா பெரும்பாலும் ஸிம்ப்ஸனைப் பற்றியதன்று. ‘எந்த அளவுக்கு’ என்று தொடங்கும் வகையைச் சேர்ந்தது அது. இக்கூற்று எந்த அளவுக்கு உண்மை? எந்தச் சான்று அதைத் தாங்குகிறது, எது மறுக்கிறது? இப்படிக் கேட்கப் பழகிய பிள்ளையிடமிருந்து பரிசின் பெயருக்குரியவரும் தப்ப முடியாது. தங்கள் வீரரையே சோதிக்கும் கருவியைப் பதினைந்து வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்து, அதற்குப் பரிசும் கொடுக்கிறார்களே, அந்தத் தெளிவைத்தான் நாம் பாராட்டுகிறோம்.

பயணத்தின் பயனும் இவ்வழியிலேயே வருகிறது. ஸிம்ப்ஸன் அடக்கமாகியிருக்கும் கடற்கரைக் கல்லறைத் தோட்டத்தில் நிமிர்ந்த கற்களைக் காண முடியாது. நிலத்தோடு ஒட்டிய சாய்வான சிறு கற்களே காலிபோலியில் உள்ளன. கல்லில் குடும்பத்தார் தம் சொந்த வாசகத்தைச் சேர்க்க இடமளித்தார்கள். இடைவெளியும் சேர்த்து 66 எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்பது விதி. ஒரு தாய் தன் துயரை 66 எழுத்தில் சொல்ல வேண்டும்! மொழிபெயர்ப்புத் தொழிலிலே நாள்தோறும் சொல்லை எண்ணிக் கழிக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிடக் கடினமான பணி இருந்திருக்க முடியாது என்று படுகிறது. அதே கரையில் 1985-இல் நிறுவப்பட்ட ஒரு கற்பலகையும் உண்டு. அங்கே துருக்கியப் படையை நடத்திப் பின்னர் அந்நாட்டுத் தலைவரான முஸ்தபா கெமால், மாண்ட அந்நிய வீரரின் தாய்மார்க்கு 1934-இல் கூறியதாகச் சொல்லப்படும் ஆறுதல் மொழி அதில் பொறிக்கப்பட்டது. படிப்பவர் கண் கலங்கும். அச்சொற்கள் அவர் கூறியவையே என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கின்றனர். கண்ணீரும் வேண்டும்; சான்றும் வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் நின்று கற்பதற்குத்தான் அவ்வளவு தூரம் போகவேண்டியிருக்கிறது.

நேயர்களே, நம் நாட்டுக்கு இதில் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். ஸிம்ப்ஸன் தம் பிரிவினருடன் தங்கவில்லை. கழுதைக்குத் தீனி கிடைக்கும் இடத்தை நாடிச் சென்றார். அந்த இடம் இந்தியரின் கோவேறு கழுதை முகாம். கோஹாட் மலைப் பீரங்கிப் படையைச் சேர்ந்த நம்மவர் அவருக்கு இடம் கொடுத்தனர். ‘பகதூர்’ என்று அழைத்தனர் என்றும் கூறுவர். ஏப்ரல் 25-ஆம் தேதியன்றே இந்திய மலைப் பீரங்கிகள் அக்கரையில் இறங்கின. குடிநீர், ரொட்டி, தோட்டா ஆகிய அனைத்தையும் இருட்டில் பள்ளத்தாக்குகளின் வழியே மேலே கொண்டு சேர்த்தவர்கள் கோவேறு கழுதைகளை ஓட்டிய இந்தியர். தகர டப்பாவில் வந்திறங்கிய இறைச்சியைத் தின்று சலித்த ஆஸ்திரேலியர், நம்மவர் சுட்ட சப்பாத்திக்காக அம்முகாம்களைத் தேடி வந்ததுண்டு. தெற்கு முனையில் 14-ஆம் சீக்கியப் படைப்பிரிவு 1915 ஜூன் 4-ஆம் தேதி ஒரே நாளில் தன் பெரும்பகுதியை இழந்தது.

காலிபோலியில் இந்தியர் ஏறத்தாழ 16,000 பேர் பணி புரிந்தனர், சுமார் 1,600 பேர் இறந்தனர் என்று பீட்டர் ஸ்டான்லி என்ற ஆஸ்திரேலிய வரலாற்றாசிரியர் 2015-இல் வெளியிட்ட நூலில் எழுதுகிறார். அதுவரை சொல்லப்பட்டு வந்த எண்ணிக்கை இதைவிட மிகக் குறைவு. கழுதையோடு நின்ற ஒருவருக்கு எத்தனையோ சிலைகள். பல நூறு கோவேறு கழுதைகளை ஓட்டியவர்களுக்கு ஒரு பெயர்ப்பட்டியலே நூறாண்டு கழித்துத்தான் தேடப்பட்டது. ஆங்கிலத்தில் ‘சர்வீஸ்’ என்னும் சொல்லுக்கு நாம் தொண்டு என்று எழுதுவதா, ஊழியம் என்று எழுதுவதா, பணி என்று எழுதுவதா என அலுவலகத்தில் தயங்குவதுண்டு. நீர்த் தோலைச் சுமந்தவனுக்கு எந்தச் சொல்லும் பொருந்தும், எழுதத்தான் ஆளில்லை.

நம் நாட்டிலும் 2021-இல் வீர் காதா என்ற பெயரில் மாணவர் போட்டி தொடங்கப்பட்டது. விருது பெற்ற வீரரைப் பற்றிக் கட்டுரை, கவிதை, ஓவியம் முதலியன அனுப்பலாம்; தேர்ந்தவர்களைக் குடியரசு தினத்தையொட்டிப் புது தில்லிக்கு அழைத்துப் பெருமை செய்கிறார்கள். பல லட்சம் பிள்ளைகள் கலந்துகொள்கிறார்கள், வரவேற்கத்தக்கதே. ஆயினும் வீரரைப் புகழ்வது எளிது. அவரைப் பற்றிய செய்தி எங்கிருந்து வந்தது என்று கேட்கும் ஒரு வினாவை அதனுடன் சேர்த்தால் பயன் இரட்டிக்கும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதுமில்லை. பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நாம் குடியிருக்கும் ஊர்களிலேயே கல்விப் பயணத்துக்கு இடம் இருக்கிறது. தில்லியில் 1931-இல் திறக்கப்பட்ட இந்தியா கேட் வளைவில் 13,000-க்கு மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஐஸ்கிரீம் கையில் உருகுவதற்குள் ஒரு பெயரையாவது படித்த குழந்தை எத்தனை? கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றோரம் முதல் யுத்தத்தில் மாண்ட 896 கப்பற் கூலியாட்களுக்கு 1924-இல் எழுப்பிய சின்னம் உண்டு. கொஹிமாவில் 1944-இல் நடந்த போரில் இறந்து எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்கள் கல்லறைத் தோட்டத்தின் உச்சியில் உள்ளன. பெங்களூரில் பிரிகேட் ரோடு முனையில் நிற்பது மதராஸ் பயனியர் படையினரின் நினைவுச் சின்னம். அப்படையினரில் ஒரு பிரிவு 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் போரிட்டது. பாதை வெட்டவும் பாலம் கட்டவும் பயின்ற அப்படைகளில் தமிழர் பலர் இருந்தனர்.

நம் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டு விழாவில் பேச்சுப் போட்டி வைக்கின்றன. ஓராண்டு அதற்குப் பதிலாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை இத்தகைய ஓரிடத்துக்கு அழைத்துப் போகலாம். ஒவ்வொருவரும் ஒரு பெயரைக் குறித்துக்கொண்டு வரட்டும். காமன்வெல்த் யுத்தக் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டை இப்போது வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்க முடிகிறது, கட்டணமில்லை. பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி ஆகியவற்றுடன், பலருக்குத் தந்தை பெயரும் சொந்தக் கிராமமும் ஜில்லாவும்கூடக் குறிக்கப்பட்டுள்ளன.

தேடும்போது ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதியவர் தமிழ் அறியாத படைக் குமாஸ்தாவாக இருக்கக்கூடும். முனுசாமி என்ற பெயரை அவர் கேட்டபடியெல்லாம் எழுதியிருப்பார். அரக்கோணம், சேலம் போன்ற ஊர்ப் பெயர்களும் அவ்வாறே. ஆகவே இரண்டு மூன்று விதமாக எழுத்தைக் கூட்டிப் பார்க்கும்படி பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். தாத்தா பாட்டி உடனிருந்தால் அவர்களிடமும் கேட்கச் சொல்லுங்கள். எந்த எழுத்துக்குப் பின்னால் எந்த ஊர் மறைந்திருக்கிறது என்பதை அவர்களே விரைவில் கண்டுபிடிப்பார்கள்.