சேற்றில் கிடைத்த மருந்து

(தொழிலாளர் படிப்பகம் ஒன்றில் ஆற்றிய உரை)



க்ஷயரோகம் என்றால் என்ன என்று லைன் வீட்டிலும் சேரிக் குடிசையிலும் வாழ்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் கிருமி இன்று மருந்துக்கும் அடங்காமல் வளர்ந்து வருகிறது. தென்னாப்பிரிக்காவில் துகேலா ஃபெர்ரி என்ற கிராமப்புறத்தில், 2005-2006ல், பல முக்கிய மருந்துகளுக்கும் கட்டுப்படாத க்ஷயம் 53 பேரிடம் காணப்பட்டது. 52 பேர் மாண்டார்கள். எச்.ஐ.வி. நோயும் கூடவே அவர்களை அரித்திருந்தது.

அதே வட்டாரத்து நகரம்தான் டர்பன். 1860 முதல் நம் மக்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிப் போன ஊர். அங்கே 2010ல் ஒரு மாணவி, குப்பையில் அழுகிக் கிடந்த கத்தரிக்காயின் அடியிலிருந்து கொஞ்சம் அழுக்கைச் சுரண்டி எடுத்தாள். அதில் இருந்தது பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ். இதற்கு பாக்டீரியாபேஜ் என்று பெயர். பாரிஸில் 1917ல் டெரெல் என்ற விஞ்ஞானி வைத்த பெயர் அது.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? மண்ணைத் தண்ணீரில் கலக்கி, பாக்டீரியா கூட நுழைய முடியாத வடிகட்டியில் வடிக்கிறார்கள். வடிந்த நீரை, க்ஷயக் கிருமியின் இனத்தைச் சேர்ந்த, தீங்கு செய்யாத பாக்டீரியாவோடு கலந்து தட்டில் ஊற்றுகிறார்கள். ஓரிரு நாளில் தட்டு முழுதும் பாக்டீரியா படர்கிறது. நடுவே தெளிந்த புள்ளிகள் தெரிந்தால், அங்கே வைரஸ் வேலை செய்திருக்கிறது என்று பொருள். அந்தப் புள்ளியைத் தொட்டு எடுத்து, மறுபடி மறுபடி வளர்த்துத் தனிப்படுத்துகிறார்கள். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் உருவம் பார்க்கிறார்கள், மரபணுவைப் படிக்கிறார்கள், கடைசியில் பெயர் வைக்கிறார்கள். டர்பனில் கிடைத்ததற்கு ‘மட்டி’ என்று பெயர். சேறானது என்று அர்த்தம்.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பேராசிரியர் கிரஹாம் ஹாட்ஃபுல்லின் சேகரத்தில் மாணவர்கள் கண்டெடுத்த வைரஸ்கள் 10,000க்கு மேல் உண்டு. 2018ல் லண்டனில் நுரையீரல் மாற்றப்பட்ட 15 வயதுப் பெண் ஒருத்தியை, க்ஷயக் கிருமியின் உறவான பாக்டீரியா தின்றுகொண்டிருந்தது. எந்த மருந்தும் பலிக்கவில்லை. ‘மட்டி’யையும் அந்தச் சேகரத்தின் வேறு இரண்டையும் சேர்த்து ரத்தத்தில் ஏற்றினார்கள். ஆறு மாதத்தில் அறுவைப் புண் மூடியது, கல்லீரல் தேறியது, தோல் கட்டிகள் பெரும்பாலும் மறைந்தன. நோய் அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் சாவின் வாசலிலிருந்து அவள் திரும்பினாள்.

தோழர்களே, இதை வைத்து யாரும் க்ஷய மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது! ஒவ்வொரு கிருமிக்கும் ஏற்ற வைரஸைத் தேடியாக வேண்டும். க்ஷயத்துக்கு இது இன்னும் வழக்கமான வைத்தியம் ஆகவில்லை.

ஆனால் ஒன்று கவனியுங்கள். லாபம் போதவில்லை என்று பல பெரிய மருந்துக் கம்பெனிகள் புதிய கிருமிக்கொல்லி ஆராய்ச்சியைக் கைவிட்டன. அவை கைவிட்ட இடத்தில், பாடம் படிக்க வந்த மாணவர்களின் கைகள் உதவின. எட்டு ஆண்டுக்குப் பிறகு ஓர் உயிருக்கு உதவும் என்று அந்த மாணவிக்கு அன்று தெரியாது. யாருடைய கல்லாப்பெட்டியிலும் பூட்டாமல் பொதுவில் வைத்திருந்ததால்தான் அது உதவியது.

நம் வயலில் மண் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அறிவு இருக்கிறது. சர்க்கார் கல்லூரி ஒவ்வொன்றிலும் நல்ல ஆய்வுக்கூடம் வேண்டும் என்று கேட்போம். அது தர்மம் அல்ல, உரிமை!