ஜான் மத்தாய் துறந்த பதவி



தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில், கோழிக்கோட்டிற் பிறந்த ஒருவரைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். குமுளியில் ஒரு காலும் கூடலூரில் ஒரு காலுமாக வாழும் நமக்கு இது புதுமையன்று. 1886-ல் தோன்றிய டாக்டர் ஜான் மத்தாயும் நம்மைப் போல் இரு நாட்டிற்கும் உரியவரே. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றார். இலண்டனில் பொருளாதாரம் கற்று மீண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியராய் அமர்ந்தார். 1922 முதல் 1925 வரை சென்னைச் சட்டசபையிலும் இருந்தார்.

1944-ல் டாட்டா, பிர்லா முதலியோருடன் கூடிப் பம்பாய்த் திட்டத்தை வரைந்தவருள் இவரும் ஒருவர். பதினைந்து ஆண்டுகளில் தலைக்குரிய வருமானத்தை இரட்டிப்பாக்க 10,000 கோடி ரூபாய் வேண்டும் என்றது அத்திட்டம். ஆகவே, இவரைத் திட்டமிடுதலுக்குப் பகைவர் என்பது பொருந்தாது.

விடுதலைக்குப்பின் ரயில்வே அமைச்சரானார், 1948-ல் நிதியமைச்சரானார். குடியரசின் முதல் வரவு செலவுத் திட்டத்தை 1950 பிப்ரவரியில் பாராளுமன்றத்தில் வைத்தவர் இவரே. அடுத்த மாதம் திட்டக் கமிஷன் அமைந்தது. அங்கேதான் பிணக்கு.

நம் ஏலத்தோட்டங்களில் கணக்கப்பிள்ளையை அறிவோம். பெட்டிச் சாவி அவரிடம். முதலாளிக்கு விடை சொல்பவரும் அவரே. வேறொருவர் செலவுகளை முடிவு செய்துவிட்டுக் கணக்கை மட்டும் அவர் தலையில் கட்டினால் அவர் என் செய்வார்? மத்தாய் கண்ட இடர்ப்பாடு ஏறக்குறைய இதுவே. கமிஷன் இரண்டாவது மந்திரிசபையாக வளர்கிறது. பாராளுமன்றத்திற்குப் பொறுப்பான நிதியமைச்சின் பிடி தளர்கிறது என்று அவர் கருதினார். வேறு கருத்து வேற்றுமைகளும் இருந்தன; எனினும் இதுவே தலையாயது. 1950 ஜூன் தொடக்கத்தில் நிதிப்பொறுப்பு தேஷ்முக்கின் கைக்கு மாறியது.

நேருவின் செல்வாக்கு உச்சியில் நின்ற நாள் அது. அன்று அவரிடம் மாறுபட்டு வெளியேறுவது எளிதன்று. வெளியேறியவரை அவ்வரசு ஒதுக்கிவிடவுமில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: 1953-ல் வரி விசாரணைக் கமிஷனுக்கு இவரையே தலைவராக்கியது, 1955-ல் ஸ்டேட் பாங்கின் முதல் தலைவரும் இவரே. 1957-ல் கேரளப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இம்மண்ணுக்கே திரும்பினார்; 1959-ல் மறைந்தார்.

அத்திட்டக் கமிஷன் 2015 வரை நிலைத்தது. அதனிடத்தில் வந்த நிதி ஆயோகுக்குப் பணம் பகிர்ந்தளிக்கும் உரிமை தரப்படவில்லை. அது நிதியமைச்சைச் சார்ந்தது.