சங்கக் கம்ப்யூட்டரில் பழைய ஃபைல்கள்: லினக்ஸுக்கு மாறியபோது தெரிய வந்தது
(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். அதில் ஒரு பகுதி, தரைத்தளத்து அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்பதற்கு. அதற்கு முன்னால் கொஞ்சம் கம்ப்யூட்டர் விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. நம் சங்க அறை கம்ப்யூட்டரோ பழசு. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 அதில் இல்லை. புதிது வாங்கப் பணம் ஒதுக்கலாமா என்று கேட்டபோது செயற்குழுவில் எல்லோரும் ஜன்னல் வழியாக சஞ்சீவி மலையைப் பார்த்தார்கள். கடைசியில் மூன்றாவது மாடித் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தார். லிப்ரே ஆஃபிஸ் அதிலேயே வருகிறது. செலவு, தம்பிக்கு வாங்கிக் கொடுத்த டீயும் வடையும்தான்.

இது ஏதோ விபரீதப் பரீட்சை என்று நினைக்க வேண்டாம். நம் அரசு நிறுவனமான எல்காட், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், 2007 வாக்கிலேயே தன் அலுவலகத்தை சூசி லினக்ஸுக்கும் ஓப்பன் ஆஃபிஸுக்கும் மாற்றியது. ஜெர்மனியில் மியூனிக் நகராட்சி லினக்ஸுக்கு மாறி, 2017-ல் விண்டோஸுக்கே திரும்புவது என்று முடிவெடுத்ததும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்கவில்லை.

நம் ஃபைல்களில் இங்கிலீஷ் கடிதங்களும் எக்செல் கணக்குகளும் ஒழுங்காகவே திறந்தன. காலிப்ரி எழுத்து லினக்ஸில் கிடையாது. அதே அகலமுள்ள கார்லிட்டோ அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. இரண்டொரு டேபிள் அடுத்த பக்கத்துக்கு நழுவியது. மெயின்டனன்ஸ் பில் போடும் எக்செல் மேக்ரோ மட்டும் ஓடவில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு சாதாரண ஃபார்முலா எழுதிக்கொண்டேன். மில் கணக்குப் பிரிவில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவனுக்கு அது பெரிய வேலை இல்லை.

தமிழ் ஃபைல்களில்தான் மாட்டினேன். 2008 முதல் 2013 வரையிலான தீர்மானங்களைத் திறந்தால் ஒரு எழுத்துகூடத் தமிழில் இல்லை. "தமிழ்" என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. பக்கம் பக்கமாக இப்படியே. "உங்க லினக்ஸ் ஃபைலையெல்லாம் கெடுத்துடுச்சு" என்று தம்பியிடம் கத்தினேன். அவர் பொறுமையாக, "கெடுக்கல சார், இது எப்பவுமே இப்படித்தான் இருந்திருக்கு" என்றார்.

அவர் சொன்னது உண்மை. நம் முதல் செயலாளருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வேலை. தீர்மானங்களை எழுதிக் கையோடு கொண்டுபோய், அங்கே ஒரு டைப்பிங் சென்டரில் அடித்து வாங்கி வருவார். அந்தக் காலத்தில் பாமினி போன்ற ஃபான்ட்களில் அடிப்பார்கள். பாமினியின் விசை அமைப்பு பழைய தமிழ் டைப்ரைட்டர் மாதிரியே இருக்கும். லோயர், ஹையர் பாஸ் செய்தவர்களுக்குக் கை தானாக ஓடும். ஆனால் உள்ளே நடப்பது ஒரு வேஷம். ஃபைலில் சேமிக்கப்படுவது இங்கிலீஷ் எழுத்துதான். "ஜே" வரும் இடத்தில் "த" படத்தை ஃபான்ட் வரைந்து காட்டுகிறது. விண்டோஸில் அந்த ஃபான்ட் இருந்தது, நமக்குத் தமிழாகத் தெரிந்தது. லினக்ஸில் ஃபான்ட் இல்லை, வேஷம் கலைந்துவிட்டது. யூனிகோடில் அப்படியில்லை. "த"வுக்கென்றே ஒரு எண் இருக்கிறது, எந்த கம்ப்யூட்டரிலும் அது "த"தான். தமிழக அரசு 2010-ல்தான் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அதற்கு முந்தைய தமிழ் ஃபைல்கள் உங்கள் வீட்டில் இருந்தால் பெரும்பாலும் இதே கதையாக இருக்கும்.

இப்போது அக்கா விஷயம். 2024-ல் லிஃப்ட் பராமரிப்புக் கட்டணத்தை எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி ஆக்கினோம். "தரைத்தளத்துக்குப் பாதி போதும்னு அந்தக் காலத்திலேயே தீர்மானம் போட்டாங்களே தம்பி, அவுக அப்பா இருக்கும்போது" என்று அக்கா சொன்னார். அச்சிட்ட நோட்டைக் கரையான் தின்றிருந்தது. நான் கம்ப்யூட்டரில் "லிஃப்ட்" என்று தமிழில் அடித்துத் தேடினேன். ஒன்றும் வரவில்லை. கமிட்டியில் எழுந்து, "அப்படி ஒரு தீர்மானமே இல்லை, முழுக்கத் தேடிவிட்டேன்" என்று சொன்னேன். அக்கா அதற்கு மேல் பேசவில்லை, மாதாமாதம் முழுத்தொகையும் கட்டினார். ஜே, கே, பி என்று கிடக்கிற ஃபைலில் "லிஃப்ட்" எப்படி அகப்படும்? அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் எனக்குத் தெரியவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது.

ஃபைல்கள் எல்லாம் ஒரே ஃபான்டில் இல்லை. சிலதில் இருந்தது எங்களுக்குப் பிடிபடவே இல்லை. பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். டைப்பிங் சென்டர் இப்போது ஜெராக்ஸ் கடை. அதே அண்ணாச்சிதான் இருக்கிறார். ஃபைலைப் பார்த்ததுமே எந்த ஃபான்ட் என்று சொல்லிவிட்டார். பழைய சிடி ஒன்றையும் தேடி எடுத்தார். பால்கோவா வாங்காமல் திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை, அவ்வளவு அவசரம்.

ஃபான்டை லினக்ஸில் ஏற்றியதும் படிக்க முடிந்தது. ஆனால் அதோடு நின்றால் வேஷத்தை மறுபடி மாட்டிய கதைதான். அப்போதும் தேட முடியாது. பிடிஎஃப் ஆக்கி வைத்தாலும் அதே கதி. யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற இலவச மென்பொருள் விண்டோஸில் ஓடும், அதில்தான் மாற்றினோம். ஒரு ஆபத்து உண்டு. ஒரே வரியில் இங்கிலீஷும் தமிழும் கலந்திருந்தால், உள்ளே இரண்டும் இங்கிலீஷ் எழுத்துதான் என்பதால், கன்வெர்ட்டர் இங்கிலீஷையும் சேர்த்துத் தமிழாக்கித் தள்ளிவிடும். பேங்க் பெயர், மீட்டர் நம்பருக்கு முன்னால் வரும் எழுத்துகள் எல்லாம் அர்த்தமில்லாத தமிழாகிவிட்டன. ஆகவே இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் பழையதைப் படிக்க, மற்றவர் புதியதைப் பார்க்க, பெயர்களையும் தொகைகளையும் சரிபார்த்தோம். மூலக் கோப்பு எதையும் அழிக்கவில்லை.

மூன்றாவது நாள் ராத்திரி "லிஃப்ட்" என்று அடித்தேன். 2009 பொதுக்குழு, ஏழாவது தீர்மானம்: தரைத்தள வீடுகளுக்குப் பாதிக் கட்டணம். கூடுதலாக வாங்கிய தொகையை அக்காவுக்கும் மற்ற தரைத்தள வீட்டாருக்கும் திருப்பித் தர செயற்குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. அக்கா, நான் தேடிய லட்சணம் அப்படி, மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டிலும் விண்டோஸை எடுக்கப் போகிறீர்கள் என்றால், அழிப்பதற்கு முன்னால் அதிலுள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். எந்த ஃபைல் எந்த ஃபான்டில் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கன்வெர்ட்டர் வேலையை விண்டோஸ் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகல், உயில் வரைவு மாதிரி ஏதாவது பழைய தமிழ் ஃபைல் இருந்தால், ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு சங்க அறைக்குக் கொண்டு வாருங்கள். நானும் தம்பியும் இருப்போம். 2012 ஃபைல் இரண்டு இன்னும் பிடிபடவில்லை. அந்த வருஷத் தீர்மானங்களின் ஜெராக்ஸ் யாரிடமாவது இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.