விரயம் யாருடையது?

கல்வி மாநாடுகளில் அடிக்கடி ஒலிக்கும் சொற்கள் இரண்டு: விரயம், தேக்கம். 1929-இல் வெளிவந்த ஹார்டாக் குழுவின் அறிக்கை இவ்விரண்டையும் வற்புறுத்தியது. தொடக்கக் கல்வியை முடிக்குமுன் குழந்தை பள்ளியைவிட்டு நின்றுவிடுவது விரயம். ஒரே வகுப்பில் ஓராண்டுக்கு மேல் தங்கிவிடுவது தேக்கம்.

அளவிட எளிய சொற்கள்தாம். ஆயினும், நின்றவர்களை எண்ணும் ஆய்வு, அவர்கள் எத்தகைய பள்ளியிலிருந்து நின்றனர் என்பதையும் ஆராயாவிடில், பழி குழந்தையின் மீதும் பெற்றோர் மீதுமே விழுகிறது. ஐந்து வகுப்புகளையும் ஒரே ஆசிரியர் ஓர் அறையில் நடத்த நேரும் அவலம் அட்டவணையில் இடம் பெறாமலே போகிறது.

1986-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை பார்வையைப் பள்ளியின் பக்கம் திருப்பியது. 1987-இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டம், தொடக்கப் பள்ளிக்குக் குறைந்தது இரண்டு அறைகள், இரண்டு ஆசிரியர்கள், இன்றியமையாத கற்பித்தல் கருவிகள் என வரையறுத்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இத்தகைய தேவைகளைச் சட்ட நெறிகளாகவே ஆக்கியது.

ஆகவே, மாநாட்டில் கட்டுரை படிக்கும் ஆய்வாளர், நின்றோர் விழுக்காட்டோடு அமைதல் போதாது. அப்பள்ளியில் ஆசிரியர் எத்தனை பேர், அறைகள் எத்தனை, அவ்வூரில் அறுவடை எந்த மாதம் என்பனவும் அதே அட்டவணையில் இடம் பெற வேண்டும். அப்போதுதான் அது அதிகாரியின் மேசையில் செயலுக்குரிய குறிப்பாகும். நின்றுபோன குழந்தை மீண்டும் பள்ளிக்கு வர வழி பிறக்கும்.