கருவியைப் பிடித்த கையும் மரத்தைப் பிடித்த காலும்



மரபுத் தச்சுக் கருவிகள் பற்றிய இந்தக் கருத்தரங்குக்குத் தலைமையேற்க அமைப்பாளர்கள் என்னை அழைத்தார்கள். இங்கே படிக்கப்படவிருக்கும் கட்டுரைகளின் சுருக்கங்களை முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள், எல்லாவற்றையும் வாசித்தேன். உளிக்கு ஒரு கட்டுரை, இழைப்புளிக்கு ஒன்று, வாச்சிக்கும் துரப்பணத்துக்கும் ஒவ்வொன்று என்று உழைத்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் உளி இறங்கும்போது மரம் நழுவாமல் எது பிடித்துக்கொண்டிருந்தது என்று யாரும் கேட்கவில்லை. இந்தக் குறை உங்களுடையது மட்டுமன்று. இத்துறை தொடக்கம் முதலே அப்படித்தான் வளர்ந்திருக்கிறது. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இதற்குக் காரணம் எளிது. இரும்பு நிற்கிறது, மரம் மக்கிவிடுகிறது. இரும்புக்காலப் புதைகுழிகளில் கோடரியும் உளியும் கிடைக்கின்றன. அவற்றுக்குப் போட்ட பிடிகூட மிஞ்சுவதில்லை. அப்படியிருக்க, மரத்தைத் தாங்கிய கட்டையும், அதை நிறுத்திய முளையும், இறுக்கிய ஆப்பும் கயிறும் எங்கே மிஞ்சும்? தச்சர் ஊர் மாறினால் கருவிப்பையைத்தான் தோளில் போட்டுக்கொண்டு போவார். தாங்குகட்டையை அங்கேயே விட்டுப் போவார். அது அடுத்த நாள் அடுப்புக்குப் போகும். அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்ததெல்லாம் வெட்டும் கருவிகள். வெட்டுவதற்கு இடம் கொடுத்தவை வரவில்லை.

ஐரோப்பாவிலும் பழைய தச்சு மேசைகள் அரிதாகவே எஞ்சியிருக்கின்றன. ஜெர்மனியில் சால்புர்க் என்னும் ரோமானியக் கோட்டையின் கிணற்றுச் சேற்றில் புதைந்துகிடந்ததால் 2ஆம் நூற்றாண்டு மேசைகள் நமக்குக் கிடைத்தன. மற்றபடி ஓவியங்களையும் நூல்களையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது. நியூரம்பெர்க் நகரத்து மார்ட்டின் லோஃபெல்ஹோல்ஸ் 1505ஆம் ஆண்டுச் சுவடியில் மரத்தை இறுக்கிப் பிடிக்கும் திருகு வைத்த வைஸ் பூட்டிய மேசையை வரைந்திருக்கிறார். லண்டனில் ஜோசஃப் மாக்ஸன் 1678 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட கைத்தொழில் நூலில் தச்சு மேசைக்கு இடம் தந்தார்.

இவர்கள் எல்லோரையும்விட நான் மதிப்பது பாரிஸ் நகரத்து ஆந்த்ரே ஜாக்கோப் ரூபோவை. அவர் தச்சர், தச்சர் வீட்டுப் பிள்ளை. 1769க்கும் 1775க்கும் இடையில் வெளிவந்த அவருடைய தச்சுக்கலை நூலில் 300க்கும் மேற்பட்ட படத்தட்டுகள் உள்ளன. பிரெஞ்சு அறிவியல் கழகம் தொழில்களைப் பற்றி வெளியிட்ட வரிசையில், அந்தத் தொழிலைச் செய்தவரே எழுதிய நூல் அது. அதனால்தான் வெளியாள் கண்ணுக்குப் படாத செய்திகள் அதில் இருக்கின்றன. மேசைப்பலகை 5 முதல் 6 அங்குலக் கனம் இருக்க வேண்டும் என்கிறார். முன்கால்கள் பலகையின் விளிம்போடு ஒரே மட்டத்தில் நிற்கின்றன. நீண்ட பலகை ஒன்றைக் குத்துவாக்கில் சாய்த்து அதன் ஓரத்தை இழைக்கும்போது, மேசையின் விளிம்பும் கால்களும் சேர்ந்து ஒரே சுவர்போல அதைத் தாங்கும். கால் ஒரு விரற்கடை உள்ளே போயிருந்தாலும் இந்தத் தாங்கல் கெட்டுவிடும்.

அந்த மேசையில் எனக்கு மிகப் பிடித்தது வளைந்த தலையுடைய ஓர் இரும்புக் கம்பி. பிடிகம்பி என்று சொல்லிக்கொள்வோம். மேசையில் போட்ட துளை, கம்பியின் கனத்தைவிடச் சற்றே பெரிது. கம்பியைத் துளையில் விட்டால் லொடலொடவென்று ஆடும். அதன் வளைந்த தலை வேலைமரத்தின்மேல் படியும்படி வைத்து உச்சியில் கொட்டாப்புளியால் ஓர் அடி. கம்பி இம்மியளவு சாய்கிறது. துளையின் மேல்விளிம்பில் ஒரு பக்கமும் கீழ்விளிம்பில் எதிர்ப்பக்கமும் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. அதன்பின் எத்தனை அடி உளி வாங்கினாலும் மரம் அசையாது. பின்புறமாக ஒரு தட்டுத் தட்டினால் கழன்றுவிடும். திருகு கிடையாது, மரை கிடையாது. பலகை மெல்லியதாக இருந்தால் கம்பி சரியாகக் கவ்வாது. மேசைக்கு அவ்வளவு கனம் ஏன் என்ற கேள்விக்கு இதிலேயே ஒரு விடை இருக்கிறது. இழைக்கும்போது மரத்தை முன்னால் நிறுத்த, பல் வைத்த இரும்பு முளை ஒன்று போதும். திருகு வைஸ் இல்லாமலே அரண்மனைக் கதவுகளைச் செய்யலாம் என்பதற்கு அந்த மேசை சான்று.

இனி நம் மண்ணுக்கு வருகிறேன். நம் தச்சருக்கு மேசை இல்லை என்று எழுதிவைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த ஐரோப்பியர் பலர், இந்தியத் தொழிலாளி தரையில் உட்கார்ந்து கால்விரலால் பொருளைப் பிடிப்பதை வியந்தும் எழுதினார்கள், இகழ்ந்தும் எழுதினார்கள். இரண்டிலும் ஆராய்ச்சி இல்லை.

சன்னல் சட்டத்துக்குக் கழுந்து, அதாவது துளையில் பொருந்தும் முனை, எடுக்கும் ஆசாரியாரை உற்றுப் பாருங்கள். சட்டத்தின் ஒரு முனை தாங்குகட்டையின்மேல் இருக்கிறது, மறுமுனை தரையில். இடது உள்ளங்கால் சட்டத்தின்மேல் ஏறி, முழங்காலின் எடை முழுவதையும் அதன்மேல் இறக்குகிறது. வலது குதிகால் பக்கவாட்டில் அணை கொடுக்கிறது. மரத்தைத் திருப்ப வேண்டியபோது கை கருவியை விடுவதே இல்லை. கால் சற்று உயர்கிறது, பெருவிரல் மரத்தைப் புரட்டுகிறது, கால் மறுபடி இறங்குகிறது. வைஸைத் தளர்த்தித் திருப்பி இறுக்குவதற்குள் இங்கே இரண்டு முகம் வெட்டி முடிந்துவிடும். துளை போடும்போது அவர் சட்டத்தின்மேலேயே உட்கார்ந்துகொள்கிறார். முழு உடல் எடையும் பிடிப்பாகிறது. நீண்ட பலகையை இழைக்கத் தரையில் முளை அடித்து அதில் முட்டக் கொடுக்கிறார். அகலமான பலகை என்றால் இருவர் எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் தள்ள மற்றவர் இழுக்கிறார். தேர்ச் சட்டம்போன்ற பெருமரத்துக்கு இதுவும் தேவையில்லை. இலுப்பையோ வேங்கையோ தன் எடையிலேயே அசையாமல் கிடக்கும். தச்சர்தான் அதன்மேல் ஏறிப் போய் வேலை செய்கிறார்.

பிடிப்பு இப்படி அமைந்தால் கருவியும் அதற்கேற்ப அமைகிறது. மரம் அறுக்கும் நம் பழைய வாள் தன் பக்கம் இழுக்கும்போது வெட்டுவது. தரையில் அமர்ந்து காலால் அழுத்தியிருப்பவர் முன்னால் தள்ளினால் மரம் காலை விட்டு நகரப் பார்க்கும். தன் பக்கம் இழுத்தால் மரம் தன்னை நோக்கி வந்து அணைந்துகொள்ளும். இழுக்கும் அலகு விறைப்பாக நிற்பதால் அது மெல்லியதாக இருக்கலாம். தள்ளும் அலகு மடங்காதிருக்கக் கனம் வேண்டும். தரையோடு ஒட்டி வேலை செய்யும் ஜப்பானியத் தச்சரும் வாளையும் இழைப்புளியையும் தம் பக்கமே இழுக்கிறார். நின்று வேலை செய்யும் மேசையும் தள்ளுவாளும் ஒரு முறைமை. தரையும் காலும் இழுப்புவாளும் இன்னொரு முறைமை. ஒன்றை மற்றொன்றின் குழந்தைப் பருவமாகக் காட்டும் வரைபடங்களை நம் பாடநூல்களிலிருந்து எடுத்துவிட வேண்டும். கருவியின் வடிவத்தை மட்டும் அளந்துவிட்டு, அது எந்தப் பிடிப்புக்காக அப்படி வடிக்கப்பட்டது என்று கேட்காத ஆய்வு பாதி ஆய்வுதான்.

இதனால் பழைய முறையே போதும் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். நாள்முழுவதும் குந்தியிருந்த முழங்கால் அறுபது வயதில் என்ன ஆகிறது என்று இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தச்சாசாரியார்களைக் கேட்டால் தெரியும். தொழிற்பயிற்சி நிலையங்களில் மேசையும் வைஸும் வைத்துக் கற்றுக்கொண்ட இளைஞர்கள் நின்று வேலை செய்ய விரும்புவது நியாயம். என் கவலை வேறு. இன்று பட்டறைகளில் கருவி மின்சாரத்துக்கு மாறிவிட்டது. பிடிப்பு மட்டும் பல இடங்களில் காலிலேயே நிற்கிறது. கைவாளின் வேகத்துக்குப் பழகிய கால், சுழலும் வட்ட வாளுக்கு முன்னால் அதே துணிவோடு பலகையை மிதித்துக்கொண்டிருக்கிறது. இழுப்புவாள் நழுவினால் கீறல். வட்ட வாள் நழுவினால் விரல் போய்விடும். பிடிப்பைப் பற்றிய அறிவு எவ்வளவு அவசரமானது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கைவினைஞரின் வேலையைப் பதிவுசெய்வதில் நமக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலுக்காகக் கண்டி நாட்டின் கைவினைஞர்களையே தேடிப் போனார். கோயில்களைப் பார்த்ததோடு நிற்கவில்லை. ஜேம்ஸ் ஹார்னெல் நம் கடற்கரைப் படகுகளைப் பதிவுசெய்து 1920இல் வெளியிட்டார். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டிச் சென்னை மாநிலக் கைவினைகள் பற்றித் தனித் தொகுதிகளே வந்தன. அவற்றை மதிக்கிறேன். அவற்றில் தொடங்கி மேலே போகும் கடமை நம்முடையது.

இளம் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. கருவியை வெள்ளைத் துணியில் கிடத்திப் படமெடுப்பதோடு நிறுத்தாதீர்கள். தச்சரின் தலைமுதல் கால்வரை தெரியும்படி, மரமும் தரையும் தெரியும்படி எடுங்கள், அசைபடமாகவே எடுங்கள். தாங்குகட்டையின் உயரத்தையும் முளையின் கனத்தையும் அளந்து எழுதுங்கள். அருங்காட்சியகப் பதிவேட்டில் ஒவ்வொரு கருவிக்கும் நேராக, ‘வேலைமரம் எவ்வாறு பிடிக்கப்பட்டது’ என்று ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள். ஆசாரியாரின் ஒருநாள் வேலையைக் கெடுத்துத்தான் நீங்கள் பேட்டி எடுக்கிறீர்கள். அந்த நாளுக்கான கூலியைக் கொடுங்கள். அவர் சொன்னதை எழுதும்போது அவர் இசைவோடு அவர் பெயரையும் ஆசிரியர் வரிசையில் போடுங்கள். இந்த ஐந்தையும் கருத்தரங்கின் நிறைவு அமர்வில் தீர்மானமாகவே கொண்டுவர வேண்டும் என்று தலைமையிலிருந்து முன்மொழிந்து, முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.