மாதவிடாய் வலி: வீட்டிலேயே தணிப்பது எப்படி, டாக்டரிடம் போவது எப்போது?

(நம் சங்கத்தின் மகளிர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தலைப்பைச் சொன்னதும் பின்வரிசையில் இருக்கும் ஆண்கள் சிலர் மெல்ல எழுந்திருக்கப் பார்க்கிறீர்கள். தயவுசெய்து உட்காருங்கள். உங்கள் வீட்டிலும் மகளோ மருமகளோ பேத்தியோ இருக்கிறார்கள். இது அவர்களுக்கான பேச்சு மட்டுமல்ல, உங்களுக்கும்தான்.

நான் டாக்டர் இல்லை, வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். அதனால் மருத்துவர்கள் பொதுவாக ஒப்புக்கொண்ட விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

வலி ஏன் வருகிறது? கர்ப்பப்பையின் உட்புறச் சவ்வு மாதாமாதம் உரிந்து வெளியேறுகிறது. அப்போது அங்கே புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து, கர்ப்பப்பைத் தசையை இறுக்கிப் பிழிகிறது. இறுகும்போது அந்தத் தசைக்கு ரத்த ஓட்டம் குறைகிறது. அதுதான் வலி. அதே பொருள் குடலையும் தூண்டுவதால் சிலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கும் வரும். ஆகவே "ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறாள்" என்று இனி யாரும் சொல்லாதீர்கள்.

சாதாரண வலி பெரும்பாலும் பூப்பெய்திய ஓரிரு வருடங்களுக்குள் தொடங்கும். மாதவிலக்கு ஆரம்பிக்கும்போது வந்து, இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். இதற்கு வீட்டு வைத்தியம் நன்றாகவே கைகொடுக்கும்.

முதலிடம் ஒத்தடத்துக்கு. செங்கல்பட்டு வெயிலில் வெந்நீர் ஒத்தடமா என்று கேட்பீர்கள். மின்விசிறியைப் போட்டுக்கொண்டாவது கொடுங்கள். தொடர்ந்து இதமான சூடு கொடுத்தால் ஐபுபுரோஃபென் மாத்திரைக்கு இணையான நிவாரணம் கிடைத்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. கொதிக்கும் நீரைப் பையில் ஊற்றாதீர்கள். துணி சுற்றி, அடிவயிற்றிலோ இடுப்பிலோ 15, 20 நிமிடம் வையுங்கள். வெந்நீரில் குளிப்பதும் நல்லதே.

இரண்டாவது சுக்கு. முதல் மூன்று நாள், ஒரு நாளைக்கு அரை டீஸ்பூன் அளவு சுக்குப்பொடியை இரண்டு வேளையாகப் பிரித்து, வெந்நீரில் கலந்து குடிக்கலாம். வயிற்றுப்புண் இருப்பவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது.

மூன்றாவது நடை. வாரம் மூன்று நாள், முக்கால் மணி நேரம் வேகமாக நடந்தாலோ யோகா செய்தாலோ அடுத்தடுத்த மாதங்களில் வலி குறையும். நம் குடியிருப்பைச் சுற்றி நடந்தாலே போதும்.

உளுந்தங்களி, எள்ளுருண்டை, முருங்கைக்கீரை எல்லாம் உடம்புக்குச் சத்து. தாராளமாகக் கொடுங்கள். ஆனால் வலியை உடனே நிறுத்தும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

பரீட்சை நாளன்று மாத்திரை போடுவது குற்றமில்லை. மாமல்லபுரத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே கல்லூரிக்குப் போகிற பெண் வெந்நீர்ப் பையோடு போக முடியுமா? ஆனால் மாத்திரையை டாக்டரைக் கேட்டு, சாப்பிட்ட பிறகு போட வேண்டும். மெஃபெனமிக் ஆசிட் மாத்திரையால் அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று 2023 இறுதியில் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரித்தது. அதைச் சாப்பிட்ட பிறகு, சில வாரங்கள் கழித்தானாலும், காய்ச்சலோடு தோல் தடிப்பு வந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். மாதாமாதம் வலி கூடுகிறதா? மாதவிலக்கு இல்லாத நாளிலும் வலிக்கிறதா? மலம், சிறுநீர் கழிக்கும்போது வலியா? ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறதா? ஏழு நாளைத் தாண்டியும் நிற்கவில்லையா? இத்தனை வருடம் இல்லாமல் முப்பது, நாற்பது வயதில் புதிதாக வலி வந்ததா? இவற்றில் ஒன்று இருந்தாலும் கஷாயத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். ஃபைப்ராய்டு கட்டியாகவோ எண்டோமெட்ரியோசிஸாகவோ இருக்கலாம். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, மாதவிலக்கு வரும் வயதுப் பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது. "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்ற பேச்சில்தான் பலருக்கு வருடங்கள் வீணாகின்றன. நாள் தள்ளிப்போய், திடீரென ஒரு பக்கம் கடும் வலியும் மயக்கமும் வந்தால் 108க்கு போன் செய்யுங்கள்.

நமக்கு ஆஸ்பத்திரி தூரமில்லை. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. சித்த வைத்தியம்தான் வேண்டும் என்றால் மின்சார ரயிலில் தாம்பரம் சானடோரியம் போய் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் காட்டுங்கள். யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் குறிப்பைப் பார்த்து நீங்களே மருந்து அரைக்காதீர்கள்.

போகுமுன் ஒரு சின்ன நோட்டுப் போடுங்கள். என்றைக்கு வந்தது, எத்தனை நாள், எத்தனை நாப்கின், பத்துக்கு எத்தனை வலி, பள்ளிக்கோ வேலைக்கோ எத்தனை நாள் லீவு. மூன்று மாதக் கணக்கு கையில் இருந்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. "எப்பவும் வலிக்கும் டாக்டர்" என்று தயங்கிச் சொல்வதைவிட அந்த நோட்டு தெளிவாகப் பேசும்.

தாத்தாக்களுக்கும் அப்பாக்களுக்கும் ஒரே வேண்டுகோள். அடுத்த முறை பெண் சுருண்டு படுத்திருந்தால் காரணம் கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம். வெந்நீர் வைத்துக் கொடுங்கள்.