பார்த்தவர் சொன்னதும் சொல்லாததும்



சினிமாவைப் பற்றிப் பேச ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்திருக்கிறாரே என்று உங்களுள் சிலர் வியக்கக்கூடும். நானும் ஒரு காலத்தில் சிறுவனாக இருந்தவன்தான். போடிநாயக்கனூர்த் தெருக்களில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று வரும். புதுப்படத்தின் பெயரைக் கூவிக்கொண்டே மஞ்சளும் சிவப்புமான நோட்டீசுகளை அள்ளி வீசிக்கொண்டு போகும். அவற்றைப் பொறுக்க நாங்கள் அதன் பின்னால் ஓடுவோம். படம் பார்க்கக் காசில்லாத பையனுக்கு அந்த நோட்டீசுதான் படம். அதில் உள்ள ஒரு முகத்தையும் ஒரு கத்தியையும் வைத்துக்கொண்டு முழுக் கதையையும் நாங்களே கட்டிவிடுவோம். பின்னர் எப்போதாவது அப்படத்தைப் பார்க்க நேர்ந்தால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். எங்கள் கதை அதைவிட நன்றாக இருந்திருக்கும்!

சென்ற ஆண்டு விடுமுறையில் என்னிடம் நான்கு மாணவர்கள் வந்தார்கள். மூவர் பையன்கள், ஒருத்தி பெண். நால்வரும் கல்லூரியில் காட்சித் தொடர்பியல் பயில்பவர்கள். அவர்களுள் ஒருவனுடைய தந்தை என்னிடம் படித்தவர். ஒரு பேய்ப்படத்திற்கு 2 நிமிட முன்னோட்டமும் ஒரு சுவரொட்டியும் ஆக்கி, அவற்றைப் பொதுமக்களுக்குக் காட்டி, அவர்கள் கருத்தைப் பெற்று, அக்கருத்தை மதிப்பிட்டு ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்பது கல்லூரி இட்ட பணி. படம் எடுக்க வேண்டியதில்லை. கட்டுரையில் உள்ள எழுத்துப் பிழைகளை நான் திருத்தித் தர வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை.

கதை நடக்கும் இடம் மலைமேல் ஏலத்தோட்டத்து ஸ்டோர். அறியாதவர்க்குச் சொல்கிறேன். பறித்த பச்சை ஏலக்காயை மிதமான சூட்டில் இரவும் பகலுமாக உலர்த்தும் கட்டடத்தையே தோட்டங்களில் ஸ்டோர் என்பர். விறகுத் தீயைப் பார்த்துக்கொள்ள இரவில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். அப்படி விழித்திருக்கும் பெண் முன்னே வெள்ளைச் சேலையில் ஓர் உருவம் வருகிறது. மீதியை நீங்களே ஊகிப்பீர்கள்.

மலையடிவாரத்து மண்டபம் ஒன்றில் முன்னோட்டத்தைக் காட்டி 42 சீட்டுகளைச் சேர்த்திருந்தார்கள். 35 பேர் 'மிகவும் பயந்தோம்' என்று குறித்திருந்தார்கள். '83 விழுக்காட்டினர் அஞ்சினர்; எனவே முயற்சி வெற்றி' என்று கட்டுரை முடிந்திருந்தது. எழுத்துப் பிழை மூன்றுதான் இருந்தது. ஆனால் நான் சிவப்பு மையைத் தொடவில்லை. சீட்டுகளைக் கொண்டுவரச் சொன்னேன்.

'முன்னோட்டம் உங்களுக்கு எவ்வளவு பயம் தந்தது?' என்பது முதல் கேள்வி. 'மிகவும்', 'ஓரளவு' என இரண்டே கட்டங்கள். பயமே கொள்ளாதவன் எங்கே குறி இடுவான்? சீட்டின் தலைப்பில் பெயர் எழுதவும் இடம் விட்டிருந்தார்கள். பெயர்களைப் படித்துப் பார்த்தால் சித்தப்பா, அத்தை, பக்கத்து வீட்டு மாமா, விடுதித் தோழர் என்று 29 பேர் வேண்டியவர்கள். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் கற்பித்த பாடம் ஒன்று உண்டு. கேள்வி தன் விடையைத் தானே மடியில் கட்டிக்கொண்டு வரக்கூடாது என்பதே அது. நானும் முப்பதாண்டுகளுக்கு மேல் வினாத்தாள் தயாரித்தவன். அந்தத் தவற்றை எத்தனை முறை செய்தேன் என்று கணக்கிட எனக்கே விருப்பமில்லை.

நம் ஊரில் ஏலக்காய் ஏலம் நடப்பது உங்களுக்குத் தெரியும். இன்று விலை கேட்பது மின்னணு முறையில்தான். ஆயினும் மாதிரிச் சரக்கு வியாபாரியின் கைக்கு வந்தாக வேண்டும். அவர் நிறத்தைப் பார்க்கிறார், காயை விரலால் அழுத்துகிறார், உடைத்து முகர்கிறார். 8 மில்லிமீட்டர்ச் சல்லடையில் நிற்பது எவ்வளவு, விழுவது எவ்வளவு என்று அறிகிறார். 'உங்கள் காய் எப்படி?' என்று விற்பவரிடம் அவர் கேட்பதில்லை. அந்த நால்வரிடமும் இதைத்தான் சொன்னேன். "அப்படியானால் யாரிடம் கேட்பது, சார்?" என்றாள் அந்தப் பெண். ஒன்றும் கேட்க வேண்டாம் என்றேன்.

மறுவாரம் மாலையில், ஜீப்பில் தோட்டத்துக்குச் சென்று திரும்பும் பெண்கள் சிலரை அழைத்து மீண்டும் காட்டினோம். இம்முறை சீட்டு இல்லை. மாணவர் இருவர் திரைக்கு முதுகு காட்டி, பார்ப்பவர்களின் முகத்தை மட்டும் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். திடீரென்று பேரொலி எழும் இடத்தில் எல்லோரும் துள்ளினார்கள்; துள்ளியவுடன் சிரித்தார்கள். வெள்ளைச் சேலை வந்தபோது வெளிப்படையாகவே சிரித்தார்கள். ஆனால் முன்னோட்டத்தின் நடுவே ஓர் இடம் உண்டு. பொழுது சாய்ந்த மலைப்பாதை. ஜீப் ஏறி வரும் ஓசை கேட்கிறது, நெருங்குகிறது, ஆனால் ஜீப் வரவில்லை, ஓசை நின்றுவிடுகிறது. வேறொன்றும் நடப்பதில்லை. அங்கே ஒருவரும் அசையவில்லை. தூக்குப்பாத்திரத்தைத் துணியில் முடிந்துகொண்டிருந்த ஓர் அம்மாளின் கை அப்படியே நின்றுவிட்டது. பின்னர் அவரிடம் கேட்டேன். "வண்டி வரலைன்னா நாங்க எப்படிய்யா இறங்குறது?" என்றார்.

அந்த 42 சீட்டுகளில் ஒன்றிலாவது ஜீப் ஓசையைப் பற்றி ஒரு சொல் இல்லை. மனிதர் தாம் துள்ளியதை நினைவில் வைத்துச் சொல்வார். உறைந்து போனதைச் சொல்லமாட்டார். ஒருவேளை அவருக்கே அது தெரியாது.

பெரிய கலைஞர்களும் இதில் தடுமாறியிருக்கிறார்கள். 1975இல் 'ஜாஸ்' என்னும் சுறாமீன் படத்தை ஸ்பீல்பெர்க் வெளியீட்டிற்கு முன்பே பொதுமக்களுக்குப் போட்டுக்காட்டினார். சுறா திடீரென்று நீருக்கு மேலே தலைகாட்டும் இடத்தில் அரங்கமே அலறிற்று. அவருக்கு ஆசை விடவில்லை. இன்னும் ஓர் அலறல் வேண்டும் என்று எண்ணினார். மூழ்கிய படகிலிருந்து பிணத்தின் தலை வெளிப்படும் காட்சியைப் படத்தொகுப்பாளரின் வீட்டு நீச்சல் குளத்திலேயே, தண்ணீர் கலங்கித் தெரியப் பால்மாவு கலந்து, மறுபடி எடுத்துச் சேர்த்தார். அலறல் வந்தது. ஆனால் பின்னால் வரும் சுறாவுக்கு முன்பு கிடைத்த அலறல் குறைந்துவிட்டது. ஒருமுறை ஏமாந்த கூட்டம் அதன்பின் எச்சரிக்கையாக உட்கார்ந்திருந்தது என்று அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். 1960இல் வந்த 'சைக்கோ'வின் முன்னோட்டத்தில் ஹிட்ச்காக் வேறு வழி பிடித்தார். கொலை நடந்த வீட்டை வாடகைக்குக் காட்டும் தரகரைப் போல அவரே அறை அறையாக நடந்து காட்டுகிறார். சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் விடுகிறார். என் நோட்டீசுக் காலத்து இன்பம் அதில் இருக்கிறது.

மாணவர் முயற்சிதானே என்று சலுகை காட்டுவோரும் உண்டு. 1986இல் வந்த 'ஊமை விழிகள்' சென்னைத் திரைப்படக் கல்லூரியில் பயின்ற இளைஞர்களின் ஆக்கம். ஆபாவாணன் எழுத, அரவிந்தராஜ் இயக்கினார். நான் அப்போது இளம் ஆசிரியன். அரங்கில் என் பக்கத்தில் இருந்தவர் எவரும் அதை மாணவர் படம் என்று இரக்கப்பட்டுப் பார்க்கவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தார்கள்.

சுவரொட்டிக்கு வருகிறேன். கறுப்புப் பின்னணி, நடுவில் அந்தப் பெண்ணின் முகம், கீழே சிறிய எழுத்தில் தலைப்பு. பேருந்து நிலையத்தின் பக்கம் ஐந்து இடங்களில் ஒட்டியிருந்தார்கள். பூ விற்கும் மூதாட்டி ஒருவர் அதன்முன் நின்று, "இது யாரு வீட்டுப் புள்ளை? எப்படிச் செத்துச்சு?" என்று கேட்டாராம். கண்ணீர் அஞ்சலி ஒட்டும் ஊரில் கறுப்புத் தாளில் ஒரு முகம் இருந்தால் வேறு என்ன நினைப்பார்கள்? மாணவர்கள் இதை வேடிக்கையாகச் சொன்னார்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய தாயும் அவ்வழியாகத்தான் நாள்தோறும் போகிறவர்.

இதுவரை நான் சொன்னவை திருத்தக்கூடியவை. சீட்டுகளில் ஒன்றை அவர்கள் தனியே வைத்து, மேலே 'செல்லாதது' என்று எழுதியிருந்தார்கள். அதில் பெயரில்லை, எந்தக் கட்டத்திலும் குறியில்லை. முன்னோட்டத்தின் இறுதியில் தீ எரிய, 'குரங்கணி மலையில் நடந்த உண்மை' என்று எழுத்து ஓடும். சீட்டின் பின்புறத்தில் பென்சிலால் இப்படி எழுதியிருந்தது: 'அன்றைக்கு அந்த மலையிலிருந்து தூக்கி இறக்கியவர்களில் நானும் ஒருவன். அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள்.'

2018 மார்ச் 11ஆம் நாள் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில், நடைப்பயணம் வந்திருந்த இளைஞர்களும் பெண்களுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சிக்கியவர்களைத் தேடி முதலில் மலையேறியவர்களுள் நம் அடிவாரத்து மக்கள் இருந்தனர். அவர்கள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

42இல் ஒன்று என்றால் விழுக்காட்டில் 2 சொச்சம். அதை எப்படி மதிப்பிடுவது? இயக்கிய பையன் வாதாடினான். நடந்தது ஊரறிந்த செய்தி, அதைச் சொல்லத் தடையில்லை, அச்சம் என்பது உண்மையிலிருந்துதான் பிறக்க வேண்டும் என்றான். அவன் வாதம் வலுவற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஜீப் ஓசையின் பலமே அந்த உண்மைதானே. ஆனால் வராத ஜீப் மலைக்குப் போகும் எல்லோருக்கும் பொதுவான கவலை. குரங்கணியில் இறந்தவர்களுக்கோ வீடு இருக்கிறது. அங்கே தாயும் தந்தையும் இருக்கிறார்கள். படத்தின் கதைக்கும் அத்தீக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பெயரை மட்டும் கடன் வாங்கியிருந்தார்கள். இதைச் சொன்னேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. எடுத்துவிடு என்று கட்டளையிட நான் இப்போது தலைமையாசிரியனும் இல்லை.

இரண்டு நாள் கழித்து அவன் தனியே குரங்கணிக்குப் பேருந்தில் போனான். அந்தச் சீட்டை எழுதியவரைக் கண்டு பேசுவது நோக்கம். தேநீர்க் கடையில் இரண்டு மணி நேரம் இருந்தானாம். அங்கிருந்த யாரிடமும் கேட்க வாய் வரவில்லையாம். மாலையில் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, 'செல்லாதது' என்ற சொல்லை அடித்துவிட்டு, கட்டுரையை முதலிலிருந்து எழுதத் தொடங்கினான். அதில் விழுக்காடு எதுவும் இல்லை. அந்தச் சீட்டு முதல் பக்கத்திலேயே இருந்தது.

முன்னோட்டத்தில் அந்த வரியும் தீயும் போயின. ஜீப் ஓசை 4 வினாடி நீண்டது. சுவரொட்டியில் இப்போது முகமில்லை. வளைந்து மேலேறும் வெறும் பாதை மட்டும் இருக்கிறது. பூக்கார மூதாட்டி அதைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லையாம். சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனாராம். வெள்ளைச் சேலையை மட்டும் அவர்கள் எடுக்கவில்லை. ஏனென்று கேட்டேன். "அது என் பாட்டியின் சேலை, சார். படத்தில் தன் சேலை வருகிறது என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார்" என்றாள் அந்தப் பெண்.